வெட்டு ஒன்று, டெசிபல் இரண்டு

எண்பதுகளில் தென் மாவட்டத்துத் தனியார் பஸ்களில் பயணம் செய்தவர்களுக்கு ஈக்குவலைசரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டிரைவரின் தலைக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பச்சையும் சிவப்புமாய் விளக்குகள் ஏறி இறங்கும் ஒரு பெட்டி. அதன் நெற்றியில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் வரிசையாக. எந்த பஸ்ஸில் பார்த்தாலும் அவை ஒரே மாதிரிதான் நிற்கும். இரண்டு ஓரமும் உச்சியில், நடுப்பகுதி பள்ளத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டி வாய் நிறையச் சிரிப்பது போலிருக்கும். இடது ஓரத்தில் இருப்பது பேஸ், வலது ஓரத்தில் இருப்பது டிரெபிள். இரண்டையும் ஏற்றினால் டிரம் நெஞ்சில் இடிக்கும், ஜால்ரா காதைக் குத்தும். நடுவில் இருந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பாடகர். அந்தப் பள்ளத்தில் விழுந்தவர் அவர்தான்.

அதே சிரிப்பைச் சென்ற மாதம் கொச்சியில், மட்டாஞ்சேரியில், ஒரு லேப்டாப் திரையில் மறுபடியும் பார்த்தேன்.

அங்கே என்னை வரவழைத்தவர் பழைய திருவல்லிக்கேணி மேன்ஷன் தோழர். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். பிறகு அவர் ஊர் திரும்பி, மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றுவிட்டார். போனில் விஷயத்தை இரண்டே வரியில் சொன்னார். "வாப்பா பாடின கேசட் ஒண்ணு கிடைச்சிருக்கு. சுத்தம் பண்றோம்னு ஒரு பையன் உட்கார்ந்திருக்கான். உம்மா கேட்டுட்டு, இது அவரல்லன்னு சொல்லிட்டாங்க. நீ வந்து கேளு."

நான் ஒலிப்பதிவாளன் அல்ல. ஆனால் மேன்ஷன் அறையில் எங்களிடம் இருந்த ஒரே செல்வம் ஒரு டூ-இன்-ஒன். அதன் மூடியைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பவன் நான் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. போனேன்.

மட்டாஞ்சேரியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை நகராது. எர்ணாகுளத்திலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு வழி காட்ட ஆரம்பித்துவிடும். சுக்கு, ஏலம், மிளகுக் கிடங்குகள். குஜராத்திகள், கச்சிகள், கொங்கணிகள், தக்னி பேசும் முஸ்லிம்கள், தமிழர்கள் என்று சில சதுர கிலோமீட்டருக்குள் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். யூதத் தெருக் கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி சினகாக். கிடங்குகளின் மாடி அறைகளிலும் கல்யாண வீடுகளிலும் ராத்திரி முழுக்கப் பாடுகிற மெஹ்ஃபில் வழக்கம் ஒன்று இந்த ஊரில் உண்டு. ஒரு ஹார்மோனியம், ஒரு ஜோடி தபலா, லெமன் பிழிந்த சுலைமானி டீ. ஸைகலும் ரஃபியும் இங்கே வீட்டு மனிதர்கள்.

இந்த வட்டாரத்தின் முதல் நட்சத்திரம் மெஹ்பூப். கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவர், 1951-ல் ஜீவித நௌக, 1954-ல் நீலக்குயில் என்று மலையாள சினிமாவுக்குப் போனார். 1981-ல் இறந்தார். அவரைக் கேட்டு வளர்ந்தவர் உம்பாயி. மலையாளத்தில் கஜல் பாடிப் பெரிய கூட்டத்தைச் சேர்த்த இந்த மட்டாஞ்சேரிக்காரர் 2018-ல் காலமானார். இவர்கள் பாட்டு இசைத்தட்டிலும் கேசட்டிலும் சி.டி.யிலும் இருக்கிறது. ஆனால் மெஹ்ஃபில் என்பது இரண்டு பேரால் நடப்பதல்ல. பகலில் கிடங்கில் மூட்டை எண்ணிவிட்டு ராத்திரி பாடிய நூறு பேர் இருந்தார்கள். என் தோழரின் வாப்பா அவர்களில் ஒருவர். அவர் குரலுக்கு இருக்கும் ஒரே சாட்சி ஒரு ஸி-60 கேசட். 1979 ஜூலையில், வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டு வந்த டேப் ரிக்கார்டரில், வீட்டு மாடியில் பதிவானது. வாப்பா 1984-ல் போய்விட்டார்.

லேப்டாப்புக்கு முன்னால் இருந்த இளைஞருக்கு 26 வயது. சென்னையில் இரண்டு வருடம் ஒலிப்பதிவு படித்தவர். தமிழ் நன்றாகவே வருகிறது. ஊரில் கல்யாண ஆல்பங்களுக்கும் குறும்படங்களுக்கும் மிக்ஸிங் செய்கிறார். "சார், கேளுங்க" என்று ஹெட்போனை நீட்டினார்.

கேட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரைச்சல் இல்லை, உறுமல் இல்லை. தபலாவின் இடது கை கும்மென்று விழுந்தது. ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள், மெல்லிய குரலில், கொஞ்சம் பொடியன் மாதிரி பாடிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தேன். ஈக்குவலைசர் கோடு, 80 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு, நடுவில் அகலமாக ஒரு பள்ளம். பஸ் டிரைவரின் சிரிப்பு.

உம்மாவுக்கு 88 வயது. கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இரண்டே கேள்விகளாம். "இது ஆரா?" என்பது ஒன்று. இன்னொன்று, "மழ எவிடெ?"

இரண்டாவது கேள்வியை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை.

*

ஈக்குவலைசர் என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சமமாக்குவது. எதை எதோடு? இந்தக் கருவி பாட்டை அழகுபடுத்தப் பிறந்ததல்ல. டெலிபோன்காரர்கள் கண்டுபிடித்தது. கம்பி நீள நீள, குரலின் மேல் ஸ்தாயிகள் வழியிலேயே தேய்ந்துபோகும். மறுமுனையில் இருப்பவருக்குப் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். கம்பி எவ்வளவு தின்றதோ அவ்வளவைத் திருப்பிக் கொடுக்க ஒரு சர்க்யூட் வைத்தார்கள். பேசியதும் கேட்டதும் சமம். அதுதான் ஈக்குவலைசர். வழியில் தொலைந்ததை மீட்கிற வேலை.

பிறகு சினிமா வந்தது, இசைத்தட்டு வந்தது. ஸ்டுடியோக்காரர்கள், இதை வைத்து இல்லாததையும் கூட்டலாமே என்று கண்டுகொண்டார்கள். 1951-ல் அமெரிக்காவில் பல்டெக் என்றொரு பெட்டி வந்தது. வால்வுகள் போட்ட கனமான சாமான். இன்றைக்கும் அதன் நகலை சாஃப்ட்வேராக விற்கிறார்கள், திரையில் அதே குமிழ்களின் படத்தோடு. 1972-ல் ஜார்ஜ் மேஸன்பர்க் என்பவர் பாராமெட்ரிக் ஈக்குவலைசர் பற்றி ஒரு கட்டுரை படித்தார். பஸ் பெட்டியில் குமிழ் நிற்கும் இடம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. மேஸன்பர்க்கின் முறையில் எந்த இடம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று மூன்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோலுக்கும் சர்ஜன் கத்திக்கும் உள்ள வித்தியாசம். 1992-ல் வேவ்ஸ் கம்பெனி க்யூ-10 என்ற பெயரில் இதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கியது. அதே வருடம்தான் சென்னையில் ரோஜா வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவாளராகப் பல வருடம் இருந்த எச். ஸ்ரீதரின் பெயரை நம்மில் பலர் அவர் 2008-ல் இறந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம் என்பது வேறு விஷயம்.

இப்போது மட்டாஞ்சேரி இளைஞரின் லேப்டாப்பில் இருக்கிற ஈக்குவலைசர்களை எண்ணினால் இருபதுக்குக் குறையாது. பாதி இலவசம். ஒரு காலத்தில் ஸ்டுடியோச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றவை. வசதியில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெட்டி விலை போட்டு வாங்க வேண்டியிருந்தபோது, ஏன் திருப்புகிறோம் என்று யோசித்துத் திருப்பினார்கள். இப்போது திருப்பிவிட்டு யோசிக்கிறோம்.

இங்கே மிக்ஸிங், மாஸ்டரிங் என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். மிக்ஸிங்கில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் கையில் இருக்கும். கிடாரும் குரலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் கிடாரில் மட்டும் கொஞ்சம் செதுக்கிக் குரலுக்கு வழி விடலாம். கல்யாணப் பந்தியில் ஆளுக்கு ஓர் இலை போடுவது போல. மாஸ்டரிங் என்பது சமையல் முடிந்த பிறகு. எல்லாம் ஒன்றாகக் கலந்து இறக்கியாகிவிட்டது. உப்பைக் கூட்டினால் எல்லாவற்றுக்கும் கூடும். அதனால்தான் நல்ல மாஸ்டரிங் ஆட்கள் ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் என்று பிச்சைக்காரத்தனமாகக் கை வைப்பார்கள்.

1961 நவம்பர் 14-ம் தேதி, இதே ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த ஓர் இளைஞர் சென்னை பரணி ஸ்டுடியோவில் தன் முதல் சினிமாப் பாட்டைப் பாடினார். பெயர் யேசுதாஸ். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று, ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அன்றைய மிக்ஸிங் பெரும்பாலும் நாற்காலியை நகர்த்துவதுதான். வயலின்காரரை ரெண்டடி பின்னால் போகச் சொல்வது, தபலாவுக்கு அடியில் கம்பளி போடுவது. காதும் காலும் செய்த வேலை.

மட்டாஞ்சேரி கேசட்டில் அந்த நாற்காலி நகர்த்தலும் கிடையாது. டேப் ரிக்கார்டரின் உடம்பிலேயே பதிந்திருக்கும் ஒரே ஒரு மைக். அது எங்கே வைக்கப்பட்டதோ அதுதான் மிக்ஸ். ஹார்மோனியம் முனகுகிற இடத்தில்தான் வாப்பாவின் நெஞ்சுக் குரலும் இருக்கிறது. நம் இளைஞர் ஹார்மோனியத்தின் இரைச்சலைக் குறைக்க 300-க்கும் 500-க்கும் நடுவில் பெரிய பள்ளம் தோண்டியபோது மனிதரின் நெஞ்சையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்.

மேல் கோடியில் போட்ட மேடும் வீண். அந்த மாதிரிச் சின்ன டேப் ரிக்கார்டர்களின் மைக் 8 கிலோஹெர்ட்ஸ் தாண்டினால் மூச்சு வாங்கும். அதற்கு மேலே கேசட்டில் இருப்பது டேப்பின் சொந்த இரைச்சல் மட்டுமே. 10 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினால் பாட்டு ஏறாது, 'ஸ்ஸ்ஸ்' ஏறும். பிறகு அதை அடக்க இரைச்சல் நீக்கி சாஃப்ட்வேர் போடுவோம். அது இரைச்சலோடு இன்னும் ஏதாவதைத் தூக்கிக்கொண்டு போகும். வியாதியை உண்டாக்கி மருந்து தேடுகிற கதை.

இதைச் சொன்னதும் இளைஞர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். இல்லை. எல்லா ஈக்குவலைசரையும் அணைத்துவிட்டு, "முதல்ல இருந்து போவோம் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு எதிர்காலம் இருக்கிறது.

முதலில் லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தோம். கேசட் டெக்கின் மூடியைத் திறந்தால், டேப் உரசிப் போகிற ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அது ஹெட்டின் சாய்வை மாற்றும். பதிவு செய்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் ஹெட்டும் இருந்தால்தான் மேல் ஸ்தாயிகள் முழுசாக வரும். ஒரு மயிரிழை தப்பினாலும் முதலில் சாவது அவைதான். கேசட்டின் டேப் அகலம் 3.81 மில்லிமீட்டர். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு மெதுவாக எழுதியதைப் படிக்கக் கண்ணாடி சரியாக இருக்க வேண்டாமா? கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். திடீரென்று வாப்பாவின் உச்சரிப்பில் 'ச'வும் 'த'வும் முளைத்தன. எந்த சாஃப்ட்வேரும் இதைத் தந்திருக்காது. டேப்பிலிருந்து எடுக்காமல் விட்டதை ஈக்குவலைசர் எங்கிருந்து கொடுக்கும்?

அதன்பின் குரலின் வயசு. 50 வயதுக்காரர் ஏன் பொடியன் மாதிரிப் பாடுகிறார்? அவர் 200 ஹெர்ட்ஸில் ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறார். குரல் தடித்ததே தவிர முதிரவில்லை. எனக்கு சந்தேகம் வேகத்தின் மேல். பதிவான அன்று மெஷின் மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாமே உயரும். சுருதி மட்டுமல்ல, தொண்டையின் அளவே சின்னதாகிவிட்டது போல் கேட்கும். அது ஈக்குவலைசருக்குக் கட்டுப்படாத நோய்.

எவ்வளவு வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே திருடனையே சாட்சிக்கூண்டில் ஏற்றினோம். பதிவில் ஓர் உறுமல் இருந்தது, கரண்ட் உறுமல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது எல்லா சாதாப் பதிவிலும் அடியில் ஓடும். சாஃப்ட்வேர் அதை அளந்து 51.5 என்றது. அப்படியானால் 3 சதவீதம் வேகம் அதிகம். சரி செய்தால் போயிற்று என்று இளைஞர் கிளம்பினார்.

தோழர்தான் தடுத்தார். "ஹார்மோனியம் இங்கேதானே இருக்கு?" பரண் மேலிருந்து இறக்கினோம். துருத்தியில் ஒட்டுப் போட்டிருந்தாலும் ரீடுகள் பத்திரம். வாப்பா எப்போதும் பாடுவது முதல் கறுப்புக் கட்டையில், அதாவது ஒன்றரைக் கட்டை சுருதியில். அழுத்திப் பார்த்தால் 277 ஹெர்ட்ஸ். கேசட்டில் அதே ஸ்வரம் 291. வித்தியாசம் 5 சதவீதம். அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஹார்மோனிய ரீடு ஒரு ராத்திரியில் சுருதி மாறுகிற சாமான் அல்ல. அப்படியானால் அந்த ராத்திரி மட்டாஞ்சேரியில் கரண்ட் 49 ஹெர்ட்ஸில்தான் ஓடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் அது 50-க்குக் கீழே இறங்குவது சகஜம். மின்விசிறி சோம்பிச் சுற்றியது நமக்கு ஞாபகம் இருக்கிறதே.

ஹார்மோனியத்தின் சொல்லை ஏற்று 5 சதவீதம் குறைத்தோம். பாட்டு கொஞ்சம் நிதானமானது. அறையில் ஒரு நடுவயது மனிதர் வந்து உட்கார்ந்தார். தோழர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

இனிமேல்தான் ஈக்குவலைசர். சாட்சி சொல்லி முடித்த உறுமலை 49, 98, 147 ஹெர்ட்ஸில் ஊசி முனை அகலத்தில் வெட்டினார். வேகத்தைச் சரி செய்யாமல் 50-ல் வெட்டியிருந்தால் உறுமல் பக்கத்தில் நின்று சிரித்திருக்கும். 400-ல், மாடி அறையின் கும்கும் ஓசைக்காக, அகலமாக, மென்மையாக ஒரே வெட்டு. இரண்டு டெசிபல். 3000-ல், சொற்கள் தெளிய, ஒன்றரை டெசிபல் ஏற்றம். 9000-க்கு மேல் மெதுவாக ஒரு சரிவு. அவ்வளவுதான். கோடு இப்போது சிரிக்கவில்லை. ஏறக்குறைய நேராகவே கிடந்தது.

"இவ்வளவுதானா சார்? கட்டணம் வாங்கவே கூச்சமா இருக்கும்" என்றார் இளைஞர்.

*

மிஞ்சியது மழை.

சின்ன டேப் ரிக்கார்டர்களில் தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. யாராவது உரக்கப் பாடினால் அது தணிக்கும். பாட்டு நின்றால், ஏதோ கேட்காமல் போகிறதே என்று தேடி, அறையில் இருக்கிற சிறு சத்தத்தையெல்லாம் தூக்கிக் காட்டும். இந்தக் கேசட்டில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அப்படி ஓர் இரைச்சல் எழும்பி, பாட்டு தொடங்கியதும் அமுங்கியது. இளைஞர் அதை டேப் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, இரைச்சல் நீக்கிக்கு அதையே மாதிரியாகக் காட்டி, "இந்த மாதிரி எங்கே பார்த்தாலும் அழி" என்று சொல்லியிருந்தார். சாஃப்ட்வேர் சொன்னபடி செய்தது. அதற்கு ஓட்டு மேல் விழும் ஜூலை மழைக்கும் டேப் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிற சத்தம்தான். மனிதரின் மூச்சும் அப்படித்தான். ஆகவே மழையோடு அடிக்கு அடி வாப்பா இழுத்த மூச்சும் போயிருந்தது. மூச்சு விடாமல் பாடுகிறவரைப் பெண்டாட்டி எப்படி அடையாளம் காண்பாள்?

உம்மா சொன்னதைத் தோழர் அப்போதுதான் விவரமாகக் கேட்டுவந்தார். அன்றைக்கு மழை கொட்டியதால் கீழே வாசலில் உட்கார வேண்டியவர்கள் மாடிக்குப் போனார்களாம். ஓடு ஒழுகி, தபலாவுக்கு அடியில் உம்மாவின் ஒரு பழைய துணியை மடித்து வைத்தார்களாம். அதற்காகச் சண்டையும் நடந்ததாம்.

இரைச்சல் நீக்கியை எடுத்துவிட்டோம். முழுவதும் எடுக்க வேண்டுமா என்று எங்களுக்குள் விவாதம். டேப்பின் சொந்த இரைச்சலுக்கு மாதிரி வேறு இடத்தில் இருக்கிறது, பதிவு தொடங்கும் முன் ஓடுகிற காலி டேப்பில். அதை மாதிரியாக வைத்து மூன்று நாலு டெசிபல் மட்டும் குறைத்தார். மழை தங்கியது.

சிலர் எதையும் தொடவே கூடாது என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கரண்ட் உறுமலுக்கும் கோணல் ஹெட்டுக்கும் மரியாதை செய்ய வேண்டிய அவசியம் என்ன? அவை மெஷினின் பாவங்கள். மழையும் மூச்சும் அந்த ராத்திரியின் சொத்து. இரண்டையும் பிரிக்கக் காது போதாது, அங்கே இருந்த ஒருவர் வேண்டும். அவர் 88 வயதில் பக்கத்து அறையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. இதே மட்டாஞ்சேரியின் யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடிவந்த பாட்டுகள் உண்டு. கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும், ஆண்கள் இருக்கும் சபையிலும் பாடினார்கள். 1948-க்குப் பிறகு, குறிப்பாக ஐம்பதுகளில், அந்தச் சமூகம் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகச் சேர்த்த பதிவுகளிலிருந்து ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-ல் ஒரு குறுந்தகடு வெளியிட்டது. வயதான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பாடுகிற குரல்கள். ஸ்டுடியோப் பளபளப்பை அதில் எதிர்பார்ப்பவர்கள் வேறு சி.டி. வாங்கலாம். இந்த மாதிரி ஆவணங்களைக் காப்பவர்களின் முதல் விதி: டேப்பிலிருந்து இறக்கிய அசல் கோப்பைத் தொடாமல் தனியே வை. சுத்தம் செய்வதெல்லாம் நகலில். நாளைக்கு இன்னும் நல்ல காது, இன்னும் நல்ல கருவி வரும். அவர்களுக்கு அசல் வேண்டும்.

நாங்களும் அப்படியே செய்தோம். ஸ்க்ரூ திருப்பிய பிறகு இறக்கிய கோப்பு ஒன்று, வேறெதுவும் செய்யாமல், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். கொச்சி ஈரத்தில் கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது.

உம்மாவுக்கென்று மூன்றாவதாக ஒன்று தயாரானது. அது இளைஞரின் யோசனை. வயதானால் காது முதலில் மேல் ஸ்தாயிகளைத்தான் இழக்கும். 'ச', 'த', 'க' எல்லாம் கரைந்து, பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. ஹியரிங் எய்டு என்பதே காதுக்குள் மாட்டிய ஈக்குவலைசர்தான். டாக்டர் எடுத்த காது வரைபடத்தைப் பார்த்து, எங்கே பள்ளமோ அங்கே மேடு போடுகிறார்கள். உம்மா அதை மாட்ட மாட்டார். அது தனிச் சண்டை. ஆகவே அவர் நகலில் மட்டும் 2000-க்கும் 4000-க்கும் நடுவில் ஆறு டெசிபல் ஏற்றினார். நமக்குக் கேட்டால் தகரத்தில் ஆணி போட்டுக் கீறியது போலிருக்கும். மாஸ்டரிங் வாத்தியார்கள் பார்த்தால் பிரம்பை எடுப்பார்கள். ஆனால் கம்பி தின்றதைத் திருப்பிக் கொடுப்பதுதானே இந்தக் கருவியின் பிறவி வேலை? இங்கே கம்பி என்பது உம்மாவின் 88 வயது.

சாயங்காலம் ஸ்பீக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தால் பேஸ் காணாமல் போகும், இது காதின் குணம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். அதனால் நன்றாகவே ஏற்றி வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மழை தொடங்கியது, கேசட்டில். துருத்தி இழுக்கும் சத்தம். வாப்பா மூச்சை இழுத்தார்.

உம்மா முழுப் பாட்டையும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து மழை மட்டும் கொஞ்ச நேரம் ஓடியபோது, ஒரு பெண் குரல் தூரத்தில் ஏதோ கூப்பிட்டது. எங்கள் மூன்று பேர் காதிலும் அதுவரை விழாத குரல். யாருடையது என்று தோழர் உம்மாவைக் கேட்டார். "துணிக்கு" என்றார்.

ஸி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். இதெல்லாம் ஏ பக்கம். பி பக்கத்தை இன்னும் ஓட்டவில்லை. பூஞ்சையை மென்துணியால் துடைத்து, டேப்பை வேறு கூட்டில் மாற்ற வேண்டும். ஈரக் காற்று குறைந்த பிறகு செய்யலாம் என்று இளைஞர் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் மறுபடி போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.